3.1 சதவீதம்: ஒரு சிறுகோளும் சேலமும்

2025 பிப்ரவரி 18ஆம் தேதி நாசா ஓர் எண்ணை வெளியிட்டது. 3.1 சதவீதம். 2032 டிசம்பர் 22 அன்று 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு அது. மறுநாள் அதே எண் 1.5 ஆனது. அதற்கும் மறுநாள் 0.28. பிப்ரவரி 24ஆம் தேதி 0.004. அத்தோடு பூமியைப் பொறுத்தவரை கதை முடிந்தது.

சேலத்துக்கு 3.1 வந்து சேர்ந்தது. 0.004 வந்து சேரவில்லை.

நான் சேலத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். மாலை வேளையில் மொட்டைமாடியிலும், மேகம் விட்டுக்கொடுக்கும் வாரக் கடைசிகளில் ஏற்காட்டிலும் எட்டு அங்குல டெலஸ்கோப்பை நிறுத்தி மாணவர்களுக்கு வானம் காட்டும் சிறு குழு ஒன்றில் இருக்கிறேன். அந்தப் பிப்ரவரியில் வியாழன் உச்சி வானத்தில் அருமையாக நின்றது. அதைப் பார்க்க வந்தவர்களைவிட "அந்தக் கல்லைக் காட்டுங்க சார்" என்று வந்தவர்கள்தான் அதிகம். இந்த ஆய்வு இரண்டு கேள்விகளைப் பற்றியது. அந்த எண் ஏன் முதலில் ஏறி, பிறகு சரிந்தது? ஏற்றம் மட்டும் ஊருக்குள் வந்து, சரிவு ஏன் வெளியிலேயே நின்றுவிட்டது? முதல் கேள்விக்கு வடிவியலில் விடை இருக்கிறது. இரண்டாவது அவ்வளவு சுத்தமான கணக்கு அல்ல.

போன பிறகு தெரிந்தது

ஒய்ஆர்4 பூமிக்கு மிக அருகில் வந்தது 2024 டிசம்பர் 25ஆம் தேதி. தொலைவு சுமார் 8 லட்சத்து 29 ஆயிரம் கிலோமீட்டர். நிலவு இருக்கும் தொலைவைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அன்றைக்கு அதை யாரும் பார்க்கவில்லை. சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்ததால் இரவு வானத்தைத் துழாவும் தொலைநோக்கிகளுக்கு அது அகப்படவில்லை. இரண்டு நாள் கழித்து, 27ஆம் தேதி, சிலி நாட்டின் ரியோ உர்ட்டாடோவில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி அதைப் பிடித்தது. அதற்குள் அது நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பெயரில் இருக்கும் எழுத்துகள் கண்டுபிடித்த வரிசையைச் சொல்பவை. டிசம்பர் மாத இரண்டாம் பாதியில் பதிவான 117ஆவது பொருள் இது. பதினாறு நாளில் நூற்றைத் தாண்டும் வேகத்தில் சிறுகோள்கள் பட்டியலில் ஏறிக்கொண்டிருக்கும் காலம் இது. இந்த ஒன்று தனியாகக் கவனிக்கப்பட்டதற்குக் காரணம் தானியங்கிக் கணக்கு. புதிதாக வரும் ஒவ்வொரு பொருளின் பாதையையும் அடுத்த நூறு ஆண்டுக்கு ஓட்டிப் பார்க்கும் நிரல்கள் நாசாவிலும் ஐரோப்பிய விண்வெளி முகமையிலும் இத்தாலியிலும் தனித்தனியே இயங்குகின்றன. அவை எல்லாமே 2032 டிசம்பரில் விரலை வைத்தன.

ஜனவரி கடைசியில் வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டியது. பத்து மீட்டருக்கு மேற்பட்ட பொருளுக்கு 1 சதவீதம் தாண்டினால் எச்சரிக்கை தர வேண்டும் என்பது உலகச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு ஏற்கெனவே வகுத்திருந்த விதி. ஜனவரி 29ஆம் தேதி அறிவிப்பு வந்தது. டொரினோ அளவுகோலில் 3 என்ற இடம். பூஜ்யத்திலிருந்து பத்து வரை போகும் அந்த அளவுகோலில் 3 என்றால், ஓர் ஊரையோ வட்டாரத்தையோ சிதைக்கக்கூடிய பொருள் மோத 1 சதவீதமோ அதற்கு மேலோ வாய்ப்பு இருக்கிறது, வானியலாளர்கள் கவனிக்க வேண்டும் என்று பொருள். ஊரைக் காலி செய்யச் சொல்லும் எண் அல்ல அது.

அளவு விஷயத்திலும் அப்போது தெளிவு இல்லை. 40 மீட்டரிலிருந்து 90 மீட்டர் வரை எதுவாகவும் இருக்கலாம் என்றார்கள். தொலைநோக்கியில் தெரிவது ஒரு புள்ளி. அதன் ஒளியை மட்டும் அளக்க முடியும். கருப்பான பெரிய கல்லும் வெளுப்பான சின்னக் கல்லும் ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இதைப் பிரித்துச் சொல்ல அகச்சிவப்பு ஒளி வேண்டும். அதற்காக ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் அவசரமாக நேரம் ஒதுக்கி, மார்ச் மாதம் அளந்து, ஏப்ரலில் 60 மீட்டர், கூடக் குறைய 7 மீட்டர் என்று சொன்னார்கள். பதினைந்து மாடிக் கட்டடத்துக்குச் சற்று மேல்.

ஏன் ஏறியது: ஒரு சாக்பீஸ் கோடு

கேட்டு வந்தவர்களுக்கு மாடித் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டியதை இங்கே அப்படியே தருகிறேன். நான் இதுவரை கொடுத்த விளக்கங்களிலேயே ஊருக்குப் பிடிபட்டது இது ஒன்றுதான்.

ஒரு பத்து ரூபாய் நாணயத்தைத் தரையில் வையுங்கள். அதுதான் பூமி. நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். பூமியின் விட்டம் 12,756 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் நிலவு 81 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு கொண்டைக்கடலை அளவில் இருக்கும். (நம்மூர்க் கடைகளில் பாதிப் பேர் இந்தக் காசைச் செல்லாது என்று திருப்பித் தருகிறார்கள். ரிசர்வ் வங்கி செல்லும் என்று எத்தனை முறை சொல்லியும் அந்த வதந்தி சாகவில்லை. ஒரு வதந்தியை விளக்க இன்னொரு வதந்தியின் பலியை எடுக்க வேண்டியிருந்தது.)

இப்போது, 2032 டிசம்பர் 22 அன்று சிறுகோள் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று குறித்தால் அது வட்டமாக வராது, நீளக் கோடாகத்தான் வரும். காரணம் காலம். ஒய்ஆர்4 சூரியனைச் சுற்ற சுமார் நான்கு ஆண்டு எடுக்கிறது. நாம் அளந்த வேகத்தில் மயிரிழை பிழை இருந்தாலும் அடுத்த இரண்டு சுற்றில் அது சேர்ந்து சேர்ந்து, "சீக்கிரம் வருமா, தாமதமாக வருமா" என்ற பிழையாக வளர்கிறது. பக்கவாட்டில் பிழை குறைவு. பாதை நெடுகத்தான் பிழை அதிகம். பூமியோ நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தன் விட்டத்தைத் தானே தாண்ட அதற்கு ஏழு நிமிடம் போதும். எட்டு ஆண்டுப் பயணத்தில் ஏழு நிமிடம் முன்னே பின்னே என்பதுதான் மோதலுக்கும் தப்பித்தலுக்கும் இடையிலான இடைவெளி.

ஜனவரி கடைசியில் வாய்ப்பு 1.3 சதவீதம். நாணயக் கணக்கில் அந்தக் கோட்டின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலிருந்து இரண்டு மீட்டர் கோடு போட்டு, அதன் மேல் எங்கோ நாணயத்தை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் மேல் ஒரு இடத்தைத் தொட்டால் விரல் காசின் மேல் படும் வாய்ப்பு, காசின் அகலத்தைக் கோட்டின் நீளத்தால் வகுத்தால் வருவது. 27 வகுத்தல் 2,077.

அடுத்து, இரவுக்கு இரவு புதிய அளவீடு வருகிறது. கோடு இரு முனையிலும் அழிகிறது. துணியால் நானே இரு பக்கமும் துடைத்துக்கொண்டு வந்தேன். கோடு 87 சென்டிமீட்டர் ஆகிறது; நிலவின் தொலைவை ஒட்டிய நீளம். காசு நகரவில்லை, இன்னும் கோட்டின் மேல்தான் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் 3.1 சதவீதம். சிறுகோள் ஒரு அடிகூட பூமியை நோக்கித் திரும்பவில்லை. நம் அறியாமையின் நீளம் மட்டும் குறைந்திருக்கிறது.

கடைசிக் கட்டத்தில் கோடு இன்னும் சுருங்கும்போது ஒரு முனை காசைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறது. காசு கோட்டுக்கு வெளியே. வாய்ப்பு சட்டென்று விழுகிறது. பிப்ரவரி 19, 20 தேதிகளில் நடந்தது இதுதான்.

உண்மையான கணக்கில் கோடு எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி இல்லை. நடுவில் தடித்து முனையில் மெலியும். பூமியின் ஈர்ப்பும் தன் பங்குக்குக் காசைக் கொஞ்சம் பெரிதாக்கும். மாடிக்கு இந்த அளவு போதும்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், அப்போ ஏறுறது நல்ல செய்தியா?"

"இல்லம்மா. கெட்ட செய்தியும் இல்லை."

இந்த இடத்தில்தான் பல அறிவியல் விளக்கங்கள் வழுக்கின. "ஏறுவது வழக்கம்தான், பிறகு இறங்கிவிடும்" என்று எழுதினார்கள். நிஜமாகவே மோதப்போகும் சிறுகோளுக்கும் எண் இதே மாதிரிதான் ஏறும். தப்பப் போவதற்கும் மோதப் போவதற்கும் முதல் பாதி ஒரே முகம். கோடு காசின் மேலேயே சுருங்கிச் சுருங்கி நின்றால் 3 என்பது 10 ஆகும், 50 ஆகும், நூறாகும். ஆகவே ஏற்றத்தைக் கண்டு பயப்படுவதும் தவறு, சிரித்துத் தள்ளுவதும் தவறு. இந்த அளவுள்ள ஒரு கல்லுக்கு இதுவரை பதிவானதிலேயே மிக உயர்ந்த வாய்ப்பு அந்த 3.1. வல்லுநர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

தைப்பூச நிலவு

பிப்ரவரி முதல் வாரத்தில் எண் 2 சதவீதத்தைக் கடந்து, பிறகு ஒரு வாரம்போல அங்கேயே நின்றது. ஊரில் இதற்கு "மறைக்கிறாங்க" என்று பொருள் சொன்னார்கள். காரணம் எல்லார் தலைக்கு மேலும் இருந்தது. பிப்ரவரி 11 தைப்பூசம், 12 பௌர்ணமி. எடப்பாடிக் காவடிக் கூட்டம் பழனிக்கு நடந்துபோக வெளிச்சம் காட்டிய அதே நிலவு, சிலியில் வானத்தை வெளுக்க வைத்துவிட்டது. கண்டுபிடித்த சமயத்தில் சிறுகோளின் ஒளி சுமார் 16.5 தரத்தில் இருந்தது (வானியலில் இந்தத் தர எண் கூடக் கூட ஒளி மங்கல்). ஜனவரி முடிவில் 23ஐ ஒட்டி மங்கிவிட்டது. எங்கள் எட்டு அங்குல டெலஸ்கோப் நல்ல இருட்டில் 13, 14 வரை காட்டும். பத்துத் தர வித்தியாசம் என்றால் ஒளியில் பத்தாயிரம் மடங்கு. சிலியில் இருக்கும் எட்டு மீட்டர் கண்ணாடி கொண்ட பெருந்தொலைநோக்கிகூட நிலவொளியில் அதை அளக்கத் திணறும். நிலவு தேயத் தொடங்கியதும் அளந்தார்கள், 3.1 வந்தது.

ஆக, ஏற்காட்டு உச்சியிலிருந்து பார்த்தாலும் அந்தக் கல் தெரிய வழியே இல்லை. ஆனால் பார்த்ததாகச் சொன்னவர்கள் நிறைய. ஐந்து ரோடு மேம்பாலத்தின் மேலிருந்து எடுத்த போட்டோ ஒன்று பல குழுக்களில் சுற்றி என்னிடமும் வந்தது. மேற்கே, தெருவிளக்குக்கு மேலே, விளக்கைவிடப் பளிச்சென்று ஒரு புள்ளி. அது வெள்ளி. பிப்ரவரி நடுவில் வெள்ளி கிரகம் தன் அதிகபட்ச ஒளியில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் கண்ணில் படாமல் இருக்கவே முடியாது. போதாக்குறைக்கு ஜனவரியிலிருந்தே "ஆறு கிரகங்கள் ஒரே வரிசையில்" என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தனித்தனிச் செய்திகள் ஒரே மாதத்தில் விழுந்து ஒன்றாகக் குழைந்துவிட்டன.

சேலத்தின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது

எனக்கு வந்த தமிழ் ஃபார்வர்டுகளை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். மூல அறிவிப்பில் இருந்தது ஒரு பாதை மட்டும்: கிழக்குப் பசிபிக், தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல், தெற்காசியா. மோதினால் இந்தப் பட்டையில் எங்காவது மோதும் என்று அர்த்தம். ஆங்கிலச் செய்தித் தளங்கள் அந்தப் பட்டையில் பெருநகரங்களைத் தேடிப் பிடித்தன. அதிகம் அடிபட்ட பெயர்கள் மும்பை, கொல்கத்தா, டாக்கா. தமிழுக்கு வரும்போது தெற்காசியா என்பது தென்னிந்தியா ஆயிற்று. தென்னிந்தியா தமிழ்நாடு ஆயிற்று. கடைசியில் யாரோ தன் ஊரைச் சேர்த்துக்கொண்டார். மும்பையிலிருந்து சேலம் நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். அறுபது மீட்டர்க் கல் ஒன்றின் அழிவு எல்லை பத்துக்கணக்கான கிலோமீட்டரோடு முடிந்துவிடும்.

பக்கத்துத் தெருவில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. "வாத்தியாரே, தேதி சொல்றாங்க, நேரம்கூடச் சொல்றாங்க. ஆனா விழுமா விழாதான்னு மட்டும் தெரியாதுங்கறாங்க. இது என்ன கணக்குங்க?"

நியாயமான சந்தேகம். நம் நேரப்படி மாலை ஏழரை மணி என்று சொல்லியிருந்தார்கள். அவருக்குச் சொன்ன பதில் இது: இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும் இடம் தெரியும். பூமி அந்த இடத்தைக் கடக்கும் நேரம் நிமிடச் சுத்தமாகத் தெரியும். ஆகவே மோதல் என்று ஒன்று நடந்தால் அந்த நேரத்தில்தான் நடக்க முடியும். கல் அந்தச் சமயத்துக்கு அங்கே வந்து சேருமா என்பது மட்டுமே தெரியாதது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கல்லோட டைமிங்தான் பிரச்சினை, நம்ம டைமிங் இல்ல" என்றார். என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

0.004 ஏன் வரவில்லை என்பதற்கு நான் கண்ட காரணம் சாதாரணமானது. 3.1 வந்த நாளில் "நாசா எச்சரிக்கை" என்று ஓடிய இடங்களில் 24ஆம் தேதி ஒன்றும் ஓடவில்லை, அல்லது உள்ளே எங்கோ நாலு வரி. ஃபார்வர்டு செய்தவர்கள் யாரும் திருத்தத்தை ஃபார்வர்டு செய்யவில்லை. மார்ச் மாதம் ஏற்காட்டுக்குப் போன ஒரு சனிக்கிழமை, லேடீஸ் சீட் பக்கம் சேலத்து விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எங்கள் டெலஸ்கோப்பைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, அது 2032ஆ 2034ஆ என்பது. விழாது என்று முடிவாகி வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

முன்பு ஒருமுறை இதற்கு நேர் எதிராக நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 27ஆம் தேதி அபோஃபிஸ் என்ற சிறுகோள் 2029இல் பூமியில் மோத 2.7 சதவீத வாய்ப்பு என்று கணக்கு வந்தது. டொரினோ அளவுகோலில் 4. அந்த இடத்தை அதற்கு முன்னும் பின்னும் வேறு எதுவும் தொட்டதில்லை. நம் கரையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஏனென்றால் முந்தைய நாள் சுனாமி. நாகையும் கடலூரும் பிணங்களை எடுத்துக்கொண்டிருந்தன. அன்றே அந்த ஆண்டு மார்ச் மாதம் எடுத்த பழைய படங்களில் அபோஃபிஸ் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, 2029 மோதல் இல்லை என்று ஆயிற்று. ஏற்றமும் வரவில்லை, இறக்கமும் வரவில்லை.

விழுந்திருந்தால்

நொடிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகம். அறுபது மீட்டரை ஒட்டிய கல். வெளிப்படும் ஆற்றல் 8 மெகாடன் அளவில், ஹிரோஷிமா குண்டைப் போல ஐந்நூறு மடங்கு. இந்த அளவுக் கல் பெரும்பாலும் தரையைத் தொடாமல் வானத்திலேயே வெடிக்கும். 1908 ஜூன் 30ஆம் தேதி சைபீரியாவின் துங்குஸ்காவில் இப்படி வெடித்தது சுமார் 2,150 சதுர கிலோமீட்டர் காட்டைச் சாய்த்தது. சேலம் மாவட்டத்தின் பரப்பு 5,200 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

2013 பிப்ரவரி 15ஆம் தேதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்த கல் வெறும் 20 மீட்டரை ஒட்டியது. அதுவும் சூரியன் பக்கத்திலிருந்து, யாரும் அறியாமல் வந்தது. காயம்பட்டவர்கள் சுமார் 1,500 பேர். பெரும்பாலும் கண்ணாடிச் சில்லால். வானத்தில் வெளிச்சத்தைப் பார்த்ததும் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு ஓடினார்கள். ஓரிரு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து அந்த ஜன்னலை உடைத்தது. மாணவர்களுக்கு இந்தப் பாடத்தில் மனப்பாடமாக ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்: வானத்தில் பெரிய வெளிச்சம் கண்டால் ஜன்னலை விட்டு விலகு.

தடுக்க முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. 2022 செப்டம்பர் 26ஆம் தேதி நாசாவின் டார்ட் கலம் வேறொரு சிறுகோளைச் சுற்றும் டைமார்ஃபஸ் என்ற சிறு துணைக்கோளில் நேராகப் போய் முட்டி, அதன் சுற்றுக் காலத்தை 33 நிமிடம் குறைத்தது. முட்டி நகர்த்தலாம் என்பது நிரூபணமான விஷயம். அதற்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் வேண்டும், கல்லின் எடை தெரிந்திருக்க வேண்டும். ஒய்ஆர்4 விஷயத்தில் எடை தெரியாது.

என் தீர்ப்பு

எண்ணை வெளிப்படையாக, நாளுக்கு நாள் வெளியிட்டது சரி. மறைத்து வைத்திருந்து பிறகு கசிந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். விதி முன்பே வகுக்கப்பட்டிருந்தது, 1 சதவீதம் தாண்டியதும் விதிப்படி அறிவித்தார்கள், அவசரமும் இல்லை, மழுப்பலும் இல்லை. மூன்று மையங்கள் தனித்தனியே கணக்குப் போட்டு ஒப்பிட்டுக்கொண்டதும் நல்ல வழக்கம். பிப்ரவரி 18 அன்று நாசா 3.1 என்றபோது ஐரோப்பிய முகமை 2.8 என்றது. சிலர் அந்த வித்தியாசத்தை முரண் என்றார்கள். இரண்டு பேர் தனியாகச் செய்ததற்கு அதுதான் அத்தாட்சி.

உண்மையான பலவீனம் அறிவிப்பில் இல்லை, பகல் வானத்தில் இருக்கிறது. வரும் வழியில் பிடிக்காமல் போகும் வழியில் பிடித்தோம். மங்கிக்கொண்டே போகும், நம் பார்வைக் கோட்டிலேயே விலகிப் போகும் பொருளின் தொலைவைக் கணிப்பது கடினம். அதனால்தான் இரண்டு மாத இழுபறி. சூரியன் பக்கம் பார்க்கும் அகச்சிவப்புக் கலம் விண்வெளியில் இருந்திருந்தால் நிலைமை வேறு. நியோமிர் என்று ஐரோப்பிய முகமை திட்டமிடும் கலம் இருந்திருந்தால் இதைச் சுமார் ஒரு மாதம் முன்பே கண்டிருக்கும் என்கிறார்கள். நாசாவின் நியோ சர்வேயர் தயாராகிக்கொண்டிருக்கிறது. சிலியில் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டபோதே ஆயிரக்கணக்கான புதிய சிறுகோள்களோடுதான் வந்தது. எண்ணிக்கை இப்படிக் கூடும்போது 1 சதவீதத்தைத் தாண்டும் செய்திகளும் அடிக்கடி வரும். அடுத்த ஒய்ஆர்4க்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்காது.

"நம்ம ஊர்லேர்ந்து ஏன் சார் கண்டுபிடிக்க முடியாது?" என்று கேட்கும் பையன்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் உண்டு. ஏற்காட்டிலிருந்து வடகிழக்கே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1988 பிப்ரவரி 17ஆம் தேதி ராஜமோகனும் குழுவினரும் அங்கே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். 4130 ராமானுஜன் என்று அதற்குப் பெயர். அந்தத் தேடல் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் கல்கி.

அடுத்து

பூமி தப்பியது; நிலவு விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. அதே கோட்டின் மிச்சப் பகுதியில் கொண்டைக்கடலை உட்கார்ந்திருந்தது. பிப்ரவரி கடைசியில் நிலவில் மோத 1.7 சதவீதம். மே மாதம் ஜேம்ஸ் வெப் மறுபடி பார்த்த பிறகு, 2025 ஜூனில் வெளியான கணக்கில் 4.3. மோதினால் சுமார் ஒரு கிலோமீட்டர் அகலக் குழி விழும், நிலவின் பாதை மாறாது என்றார்கள். சிதறும் துகள்கள் செயற்கைக்கோள்களுக்கு எந்த அளவு தொல்லை என்று ஆய்வுக் கட்டுரைகளும் வந்தன. 2026 பிப்ரவரியில் ஜேம்ஸ் வெப் மறுபடி அளந்த பிறகு, நிலவிலும் மோதாது என்று மார்ச்சில் அறிவித்தார்கள். மோதினால் சேலத்திலிருந்து பார்க்கலாமா என்று அதற்கு முன்பே கேட்டார்கள். முடியாது. அந்த நேரம் நமக்கு இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன். பௌர்ணமி கழிந்து ஐந்து நாள் ஆகியிருக்கும், நிலவு உதித்தே இருக்காது. கல் மீண்டும் நம் பக்கம் வருவது 2028 டிசம்பரில், சுமார் 80 லட்சம் கிலோமீட்டர் தள்ளி.

அதற்கு அடுத்த சில மாதத்தில் அபோஃபிஸ். நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணி சுமாருக்கு அது பூமித் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கும். நம் டிவி செயற்கைக்கோள்கள் இருக்கும் உயரத்துக்கும் கீழே. மோதாது. 2021 மார்ச்சில் ரேடாரால் அளந்து, அடுத்த நூறு ஆண்டுக்கு ஆபத்தில்லை என்று பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் தேதியைப் பாருங்கள். சித்திரை ஒன்று. புத்தாண்டு விடியலில் தலைக்கு மேல் ஒரு கல் என்றால் என்னென்ன ஃபார்வர்டு வரும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் குழுவில் அதற்கான தமிழ் அறிவிப்பை இப்போதே எழுதி வைத்துவிட்டோம். முதல் வரியில் "மோதாது". இரண்டாவது வரியில் தொலைவு. மூன்றாவதில், எந்த நாளில் எந்த அளவீடு வந்து அது உறுதியானது. பங்குனி பிறந்ததும் அனுப்பத் தொடங்குவதாக ஏற்பாடு.